நீ மாமா என்று கூப்பிடும் ஆள்

தம்பி, இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் யாருக்கும் போன் பண்ணாதே. அம்மாவுக்கும் வேண்டாம். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, பாதியில் கோபம் வந்து கிழித்தும் போடாதே. துவைத்து மடித்த துணிக்கு நடுவில் அப்பா எதற்குக் கடிதம் வைத்தார் என்று உனக்குச் சிரிப்பு வரலாம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். வாழ்நாளில் நான் அதிகம் எழுதியது தோட்டத்துக் கேட்டில் இருந்த புத்தகத்தில், வந்துபோகிற லாரி நம்பர்தான். நேரில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீ எதிரில் வந்து உட்கார்ந்தால் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். போனில் சொல்லப் பயம். புக்கிட் ரம்பாயில் உன்னோடு ஒரே வாடகை வீட்டில் தங்கியிருக்கிற பையன்களில் யார் யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எனக்குப் பிரஷர் ஏறி உளறுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, மாத்திரையெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குணா வீட்டுக்கு வந்தான். நீ குணா மாமா என்பாய். நான் இதில் வெறும் குணா என்றுதான் எழுதப்போகிறேன். உன் கல்யாணத்துக்கு மாமன் சீர் என்று ஐந்து தட்டு. பழம், வெற்றிலை பாக்கு, வேட்டி சட்டை, இனிப்பு. ஐந்தாவது தட்டில் மஞ்சள் துணி விரித்து அதன் மேல் ஒரு லாரிச் சாவி. "ஃபேக்டரில இன்னொருத்தனுக்கு எத்தன வருஷத்துக்குலா ஒழைப்ப மருமகனே? அடுத்த வாரம் புதன்கிழம வந்து கையெழுத்துப் போடு, லாரி கிராண்ட் உன் பேருக்கு மாறிடும்" என்றான். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சொந்த லாரி! நீ அப்படியே அவன் காலில் விழுந்தாய். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பின்பக்கம் போய், இல்லாத குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவன் போன பிறகு நீ வந்து, ஒரு வார்த்தை நல்லதாகப் பேசக் கூடாதா என்று என்னைக் கேட்டாய். எனக்கு ஒரு நல்லது நடந்தால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று அம்மாவிடமும் சொன்னாயாம். பிடிக்காமல் இல்லை, தம்பி. பயம். அந்தச் சாவியைப் பார்த்த நாளிலிருந்து ராத்திரி இரண்டு தடவை எழுந்து வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். அம்மா என்னைப் பைத்தியம் என்கிறாள்.

நாம் இருந்த தோட்டம் உனக்கு நினைவிருக்காது. உனக்கு நான்கு வயதிலேயே இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். ஜாசின் பக்கம், ஆற்றை ஒட்டிய செம்பனைத் தோட்டம். ஆற்றுக்குப் போகிற செம்மண் ரோட்டில் ஓர் இரும்புக் கேட்டு. அந்தக் கேட்டுக்கு நான் ஜாகா, காவல்காரன். சாவி என் இடுப்பில்தான் தொங்கும். குணா அப்போது எவனோ ஒருவனுடைய லாரியில் டிரைவருக்குக் கையாளாகப் போய்வந்துகொண்டிருந்தான். அவன் அப்பா நம் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். மலாக்காவில் கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கே திரும்பினாலும் புதுத் தாமான், புதுத் தொழிற்சாலை. எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். நம் ஆற்றிலோ மணல் சும்மா கிடந்தது. நாங்கள் அதில் குளித்தோம், துணி துவைத்தோம், செத்தவர்களுக்கு அந்தக் கரையில் கருமாதி செய்தோம். அது காசு என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. குணாவுக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆபீஸ் பூட்டியிருந்த நேரம் பார்த்து லாரியோடு வந்தான். கோயில் திருப்பணிக்கு இரண்டு லோடு மணல் வேண்டும் என்றான். கோயிலுக்கு என்றால் யார் மறுப்பார்கள்? திறந்துவிட்டேன். இரண்டு லோடு கோயிலுக்குத்தான் போனது, பொய் சொல்லக் கூடாது. மூன்றாவது லோடு நம் வீட்டு அடுப்படியைப் பெரிதாக்க வந்தது. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டைச் சாத்துவது?

ஒரு லாரி ஏழெட்டு லாரியானது. ஆற்றில் பம்பு இறக்கி உறிஞ்ச ஆரம்பித்தார்கள். அக்கரையில் இன்னொரு கூட்டம் வந்து பம்பு இறக்கியது. இரண்டு பேரிடமும் லைசென்ஸ் கிடையாது, ஆகவே ஒருவன் இன்னொருவனைப் பற்றிப் போலீசில் சொல்ல முடியாது. பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதற்கு ஆள் வேண்டும். வேலையில்லாமல் கோயில் மண்டபத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரையும் குணா கூட்டிக்கொண்டு போனான், சட்டையும் போனும் வாங்கிக் கொடுத்தான். முதலில் மணலைக் காக்கத்தான் ஆள் சேர்த்தான். கூட்டம் பெரிதானதும் அதற்குத் தீனி போட மணல் மட்டும் போதவில்லை. கடைக்காரர்களிடம் மாமூல் கேட்டார்கள், போதை மாத்திரை விற்றார்கள். மலாக்கா டவுனில் இருக்கிற பெரிய கும்பல் ஒன்று இவர்களைச் சேர்த்துக்கொண்டது. கூட்டத்துக்குப் பெயராக ஒரு நம்பர் வந்தது. அந்த நம்பரை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், கை வரவில்லை. சில வருஷத்துக்கு முன்புவரை என்னிடம் பிஸ்கட் வாங்கித் தின்ற பையன்கள், கேட்டைத் திறக்க அரை நிமிடம் தாமதமானால் ஹாரனை விடாமல் அழுத்துவார்கள்.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கே தெரியாது. அவளுக்கு ஒரு தம்பி இருப்பது உனக்குத் தெரியும். சந்திரன். ஏதோ வாய்த்தகராறில் என்னோடு கோபித்துக்கொண்டு வருவதில்லை என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவன் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். மணல் அள்ளி அள்ளி, கருமாதி செய்கிற கரை ஒருநாள் இடிந்து ஆற்றுக்குள் போய்விட்டது. அதற்கு முந்தின மாதம்தான் அவன் தன் அப்பாவுக்கு அங்கே காரியம் செய்திருந்தான். நில அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினான். மலாயில் டைப் அடித்து, பெயர் போடாமல். என்னிடம் மட்டும் காட்டினான். ஆபீசர்கள் வந்து பார்த்தார்கள், பம்பு இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் குணா கேட்டுக்கு வந்தான். மிரட்டவில்லை, கத்தவில்லை. வெயிலில் நிற்கிறேனே என்று எனக்குத் தே ஐஸ் வாங்கி வந்திருந்தான். பக்கத்தில் குந்திக்கொண்டு, "எழுதுனது யாருன்னு தெரியணும்ணே. பசங்க ஆளுக்கொரு பேரச் சொல்றானுங்க. தப்பான ஆளத் தொட்டுரக் கூடாது பாருங்க" என்றான்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சொந்தம் என்று தெரிந்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். நம் ஆட்கள் அப்படித்தானே? சண்டை முற்றும்போது அது என் மச்சான், இது என் பங்காளி என்று யாராவது சொன்னால் ஓங்கின கை இறங்கிவிடும். அதைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே, "நம்ம மச்சான்தான்யா. அப்பா காரியம் பண்ண எடம் போச்சேன்னு கோவம். நான் சொல்லி வெக்கிறேன், நீ விட்டுரு" என்றேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். உங்கள் மச்சான் என்றால் நம் குடும்பம்தானே என்றான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உட்கார்ந்து அந்தத் தே ஐஸை முழுக்கக் குடித்தேன். மடையன், மடையன், என்னைப்போல ஒரு மடையன் இருக்கமாட்டான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காதுகுத்து. உனக்கு மூன்று வயது. வியாழக்கிழமை மத்தியானம் சந்திரன் டவுன் நகைக்கடையில் உனக்குக் கடுக்கன் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டு, கால்மேல் ஏறிப் போனது. இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நம்பர் பிளேட்டே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்று நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன், கேட்டுக்கு வந்த ஒரு லாரியின் பம்பரில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. சந்திரனுடைய மோட்டார் சைக்கிள் நீலம். லாரிக்கு நம்பர் பிளேட் அப்போதுதான் மாட்டியதுபோல் பளபளவென்று இருந்தது. நான் புத்தகத்தில் நம்பரை எழுதினேன். கேட்டைத் திறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் யார்மேலாவது சந்தேகம் உண்டா என்று கேட்டபோது, இல்லை என்று சொன்னதும் நான்தான்.

காதுகுத்தைத் தள்ளிப்போடலாம் என்று அம்மா அழுதாள். குணா வீடு தேடி வந்தான். "சாமிக்குச் சொன்ன தேதிய மாத்தக் கூடாதுக்கா. மாமன் மடிதான வேணும்? நான் ஒக்கார்றேன்" என்றான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அடுத்த லாரி யார்மேல் ஏறும் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. தலையை ஆட்டிவிட்டேன். மாரியம்மன் சன்னதியில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, உன்னை நானே தூக்கி அவன் மடியில் உட்காரவைத்தேன். குத்தியதும் நீ வீறிட்டாய். மாமன் இருக்கேன்டா என்று அவன் உன் தலையைத் தடவினான். நீ அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தினாய். அன்றிலிருந்து உன் அம்மா அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவன் செய்ததில் ஒரு முறை இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. தாய்மாமன் இல்லாத வீடு, தாய்மாமனோடு பேச்சில்லாத வீடு என்று பார்த்துப் பார்த்துப் போவான். நம் தோட்டத்தில் மட்டும் நான்கு பிள்ளைகள் அவன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டார்கள். சம்பளத்துக்கு வந்தவன் பயம் வந்தால் ஓடிவிடுவான், மருமகன் ஓடமாட்டான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குச் சைக்கிள் பழக்கிவிட்ட பிரகாஷும் அந்த நான்கில் ஒருவன். அவன் கல்யாணத்துக்கும் மாமன் சீராக லாரி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? லாரி அவன் பெயரில், மணல் குணாவுடையது. போலீஸ் லாரியைப் பிடித்தபோது கோர்ட்டுக்கு நடந்தது பிரகாஷ். மணல் யாருடையது என்று தேடிவந்த எதிர்க்கூட்டம் பட்டப்பகலில் கார் கழுவுகிற கடை முன்னால் வெட்டியதும் அவனைத்தான், ஏனென்றால் பேப்பரில் அவன் பெயர் இருந்தது. குணாவின் பெயர் ஒரு பேப்பரிலும் கிடையாது. பிரகாஷின் சாவு வீட்டில் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை போட்ட பையன்கள் வந்து பெட்டியைப் பறித்துக்கொண்டார்கள், பெற்றவள் கிட்டே போக முடியவில்லை. நீயும் ஒரு பக்கம் தோள் கொடுத்தாய். குணா உன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். நான் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அப்போதே உன்னை இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பனாயிற்றே, சொல்லித் தொலைக்கிறேன். யார் எதைக் கொடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் வாங்காதே. எனக்கு நன்றி சொல்லத் தெரியும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. இதற்கு ஊரில் நல்ல மனுஷன் என்று பெயர். உனக்கு முதல் பூட்ஸ் குணா வாங்கிக் கொடுத்தான், முதல் போன் அவன் வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் இதோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீ பாலிடெக்னிக் முடித்துத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்த அன்று, பிள்ளை தப்பித்துவிட்டான் என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். யாரிடமிருந்து தப்பித்தான் என்று அம்மா கேட்டாள், வறுமையிலிருந்து என்று சொன்னேன். குணா அவசரப்படவில்லை, அவ்வளவுதான். இப்போது ஆற்றில் மணல் தீர்ந்துவிட்டது. பச்சையாகத் தண்ணீர் நிற்கிற பள்ளங்கள்தான் மிச்சம், தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள். அவன் கடல் மணலுக்குப் போய்விட்டான். அது பெரிய இடம், பெரிய ஆட்கள், பேப்பரில் எழுத நிறையப் பெயர் வேண்டும். உன் பெயர் சுத்தமாக இருக்கிறது.

முந்தாநாள் நான் செர்காமுக்குப் போனேன். சந்திரன் அங்கேதான் இருக்கிறான், மீன்பிடிக்கிற மலாய்க்காரர்களுக்குப் படகு இன்ஜின் ரிப்பேர் செய்து பிழைக்கிறான். மரக்கால் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தே ஐஸ் குடித்ததைக்கூடச் சொன்னேன். அவன் திருகிக்கொண்டிருந்த நட்டைத் திருகி முடித்தான். "தெரியும் மச்சான். ஆஸ்பத்திரில நீங்க காலப் பாத்தீங்க, போலீஸப் பாத்தீங்க, என் மூஞ்சியப் பாக்கல" என்றான். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். இத்தனை வருஷமும் அவள் போன் பண்ணும்போதெல்லாம் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை; அக்கா வாழ்கிற வீடு என்று விட்டிருக்கிறான். நான் அழுதேன், தம்பி. நடுரோட்டில், இரண்டு படகுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இந்த வயதில் அழுதேன்.

உன் கல்யாணத்தில் மாமனாக வந்து மாலை போட்டு உன்னை மணமேடைக்குக் கூட்டிவர முடியுமா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, "வர்றேன். ஆனா அவனே வந்து கூப்பிடணும், எல்லாந் தெரிஞ்சு கூப்பிடணும். மறைச்சுக் கூட்டியாந்தீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன்" என்றான். குணாவை நினைத்துப் பயமாக இல்லையா என்று கேட்டேன். பயம்தான், இன்னும் ஒரு கால் இருக்கிறதே என்றான். சிரிப்பதற்குத்தான் சொன்னான்.

ஆகவே எழுதிவிட்டேன். நீ துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லப்போகிறேன். குணாவைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வீட்டைவிட்டுப் போ என்று அவள் சொன்னால் அது நியாயம். நாளை, திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் கொடுக்கிறேன். சந்திரனை இடித்த லாரி, நம்பர் உட்பட எனக்கு இன்னும் மனப்பாடம். நான் திறந்துவிட்ட கேட்டையும் சொல்வேன். என்னையும் பிடித்து வைத்தால் வைக்கட்டும். குணாவுடைய ஆட்கள் ஸ்டேஷன் எதிரில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்ப்பார்களோ தெரியாது. செய்தி அவனுக்குச் சாயங்காலத்துக்குள் போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். வேண்டாம் என்று இன்னும் ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்த மனம் சொன்னதைக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லாரிச் சாவியை நீ குணாவிடம் கொண்டுபோகாதே, அம்மா கையில் கொடுத்துவிடு, திருப்பிக் கொடுக்கிறது என் வேலை. லீவு போட்டுவிட்டு நாளையே நீ கட்டிக்கொள்ளப்போகிற திவ்யாவிடமும் அவள் அப்பாவிடமும் உண்மையைச் சொல், இது தெரியாமல் ஒரு பெண் நம் வீட்டுக்கு வரக் கூடாது. அவர்கள் கல்யாணம் வேண்டாம் என்றால் நீ என்னைத் திட்டு, அவர்களைத் திட்டாதே. அப்புறம் செர்காமுக்குப் போ. புதன்கிழமை கையெழுத்துப் போட நீ போகமாட்டாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போகாவிட்டால் குணா உனக்குப் போன் பண்ணுவான். கத்தமாட்டான், அன்பாகத்தான் பேசுவான். ஸ்டேஷனுக்குப் போனது யாரு மருமகனே, தெரியணும்லா என்று கேட்பான். தெரியாது என்று சொன்னால் நீதான் என்று நினைப்பான். சந்திரன் மாமா என்று எந்தக் காரணத்துக்காகவும் உன் வாயில் வரக் கூடாது. தயங்காதே, என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. எங்கப்பாதான் என்று சொல். எங்கே இருக்கிறார் என்று கேட்டால் அதையும் சொல். நான் வீட்டில்தான் இருப்பேன்.